மலைக்குப் போன லீவு

ஜூன் பிறந்தால் சேதுராமனுக்குப் பனிக்காலம். வெளியே துபாய் நாற்பத்தாறு டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது, மாலுக்குள் இருக்கிற அந்தப் பனிக்கூடத்துக்கு ஊர்ச்சனமெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு வந்து குவியும். பல மாடி உயரத்துக்கு ஒரு சரிவு, அதன்மேல் மெஷின் தூவிய பனி, எந்நேரமும் மைனஸ் இரண்டு டிகிரி. வெள்ளைக் கந்தூரா அங்கிக்கு மேல் வாடகைக் கோட்டை மாட்டிக்கொண்டு வரும் அரபிப் பையன்கள், கையுறையைக் கடித்துக் கழற்றும் குழந்தைகள், போட்டோவுக்கு மட்டும் வந்து பல் கிட்டித்துத் திரும்பும் குடும்பங்கள். செப்டம்பர் முடிய மூச்சுவிட நேரமிருக்காது. வெளியே காற்று கொஞ்சம் ஆறியதும் உள்ளூர்க் கூட்டம் கலைந்து கடற்கரைக்குப் போய்விடும்.

சேதுவின் வேலை சரிவில் இல்லை. சரிவுக்குக் கீழே, காம்பரசர் இரைகிற ஒரு பட்டறையில். சறுக்குபவர்கள் காலில் கட்டிக்கொள்கிற நீளப் பலகைகள் தினமும் அங்கே வரும். அவற்றின் அடியில் மெழுகை உருக்கி விட்டு, சூடான பெட்டியால் தலையிலிருந்து வால்வரை தேய்த்து, ஆறியபின் சுரண்டி எடுத்து, பிரஷ் போட்டு அனுப்ப வேண்டும். பெட்டி என்றால் துணி தேய்க்கிற பெட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரிதான் இருக்கும்.

அதை முதன்முதலாகப் பார்த்த நாள் சேதுவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அல் கூஸில் ஒரு லாண்டரியில் கந்தூரா தேய்த்துக்கொண்டிருந்தான். பனிக்கூடத்தின் கோட்டுகளை வெளுத்துக் கொண்டுவந்து இறக்கும்போது, பட்டறைக்குள் ஒருவன் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். மெழுகு புகைந்தது. "பாய், சூடு அதிகம்" என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டான். சொன்னதற்காக அன்று ராத்திரி முழுக்கப் பயந்தான். நான்கு மாதம் கழித்து, அந்த ஆள் வேலையை விட்டதும், விசா மாற்றி அவனையே எடுத்துக்கொண்டார்கள்.

பயப்படுவது அவனுக்குக் கைவந்த தொழில். லிஃப்டில் ஏறினால் நின்றுவிடுமோ, சம்பள மெசேஜ் ஒரு மணி நேரம் பிந்தினால் வேலை போய்விட்டதோ என்று அவன் மனசு ஓடும். ஆனால் பட்டறைக்குள் வந்து பெட்டியைக் கையில் எடுத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். அந்தக் குளிரிலும் கை சூடாக இருக்கிற ஒரே ஆள் நான்தான் என்று ரூமில் பெருமையடித்துக்கொள்வான்.

இப்போது நவம்பர். அவனுக்கு இருபத்து நான்கு வயது, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற லீவு நெருங்கிக்கொண்டிருந்தது. கையோடு ஒரு கேள்வியும் வந்து சேர்ந்திருந்தது.

கேள்வியைக் கொண்டுவந்தவள் தமுனா. ஜார்ஜியா நாட்டுக்காரி, பனிக்கூடத்தில் சறுக்கக் கற்றுக்கொடுக்கிற ட்ரெய்னர். ஒவ்வொரு டிசம்பருக்கும் லீவு போட்டுவிட்டுத் தன் ஊர் மலைக்குப் போய்விடுவாள். அங்கே அவள் அண்ணன் பலகை வாடகைக் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பட்டறை வாசலில் நின்றுகொண்டு, இருவருக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலத்தில் அவள் கேட்டாள்.

"எங்க அண்ணனுக்கு மெழுகு போட ஆள் வேணும். டிசம்பர் பத்துலருந்து ஏப்ரல் பத்து வரைக்கும். பேப்பரெல்லாம் அவன் பாத்துப்பான். வர்றியா?"

"நானா?"

"பின்ன, இந்த மெஷினையா கேக்குறேன்? இங்க பனி என்னைக்கும் ஒரே பனி. அங்க காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மெழுகு. உன் கைக்கு அது புடிக்கும். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லு. அன்னைக்குத்தான் அண்ணன் லிஸ்ட் குடுக்கணும்."

அவள் போனபிறகு சேது வெகுநேரம் வெறும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெஷின் துப்புகிற பனியைத்தான் இரண்டு வருஷமாகப் பார்த்துவருகிறான். வானத்திலிருந்து பனி விழுவதை ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும் என்று அவனுக்குள் ஒரு ஆசை முளைத்து வெகுநாளாயிற்று. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

மேனேஜர் லீவுக்குச் சம்மதித்துவிட்டார். இரண்டு வருஷ லீவு இரண்டு மாதம், அதோடு சம்பளமில்லாத லீவு மூன்றரை மாதம். அங்கேதான் முடிச்சு விழுந்தது. வளைகுடாவில் இரண்டு வருஷ லீவு என்பது வேலைக்காரனுடைய சொத்து அல்ல, அது அவன் வீட்டுச் சொத்து. அதை எடுத்துக்கொண்டு வேறு தேசத்துக்குப் போனவனை இதுவரை அவன் கேள்விப்பட்டதில்லை. போதாக்குறைக்கு, ஊரில் ஒரு கடை அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

மேலூரில் அவன் அப்பா அழகுமலை கல் கிரஷரில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். கல் உடைபட்ட சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. நான்கு வருஷமாக வீட்டோடு இருந்தார். போனில் பேசினால் கேட்காது, வாய்ஸ் மெசேஜ் அனுப்பியும் பிரயோசனமில்லை. ஆனால் எட்டாவது வரை படித்தவர், தினசரியை விளம்பரம் விடாமல் வாசிப்பவர். ஆகவே சேது போனில் மைக்கை அமுக்கிவிட்டுப் பேசுவான். அவன் பேச்சு எழுத்தாகிப் போய் மேலூரில் இறங்கும். புள்ளி, கமா எதுவும் கிடையாது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டி வாசிப்பார். பிறகு ஒற்றை விரலால் பதில் அடிப்பார்.

ஆவணியில் அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. பஸ் ஸ்டாண்டு ரோட்டில் எட்டடிக்கு எட்டடி ஒரு கடை, மேலே புதுப் போர்டு. 'சேதுராமன் இஸ்திரி கடை.' கீழே அப்பா அடித்திருந்தார்: "ரெண்டு வருசம்னு சொல்லிட்டுப் போன. தைக்கு வா. தொறந்துரலாம்."

சேது அதற்குப் பதிலாக ஒரு கட்டைவிரலை அனுப்பினான். அன்றிலிருந்து அந்தக் கட்டைவிரல் அவனைக் குத்திக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு, அல் கூஸ் கேம்ப்பின் மொட்டைமாடிக்குப் போய்ச் சேது மைக்கை அமுக்கினான். ரூமில் ஆறு பேர், அங்கே பேசினால் ஊருக்கே கேட்கும். காய்கிற யூனிபாரம்களுக்கு நடுவில் நின்று ஆரம்பித்தான்.

"அப்பா நல்லா இருக்கீங்களா ஒரு விசயம் சொல்லணும்."

அழித்தான். மறுபடி ஆரம்பித்தான்.

"அப்பா இங்க எல்லாம் நல்லா போகுது ஆனா ஒரு விசயம்."

அதையும் அழித்தான். ஆறாவது தடவை அழிக்கும்போது, தொங்கிய பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாப்ள, அந்த விசயத்தச் சொல்லித் தொலை. நான் இங்கிட்டுக் காத்துக்கிட்டே நிக்கிறேன்."

சுஐபு. ரூம்மேட், கீழக்கரைக்காரன், பனிக்கூடத்தில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவன். வாயில் பிரஷ்ஷோடு நின்றான்.

"நீ எப்படா வந்த?"

"நீ ரெண்டாவது 'அப்பா' சொன்னதுலருந்து இருக்கேன்." பிரஷ்ஷை எடுத்துவிட்டு வந்து அருகில் உட்கார்ந்தான். "பயந்து பயந்து சொன்னா அவருக்கும் பயமாத்தாண்டா இருக்கும். எங்க வாப்பா இருபத்தாறு வருசம் இங்க தேரா பஜார்ல கடை வச்சிருந்தாஹ. ஒரே ஒரு லீவுக்கு ஊருக்கு வராம, மலேசியாவ ஒரு தடவ பாத்துட்டு வர்றேன்னு போனாஹ. உம்மா ரெண்டு மாசம் பேசல. திரும்பி வரும்போது வாப்பா பத்து சேலை எடுத்துட்டு வந்தாஹ. அதுல ஒண்ணையும் இன்னை வரைக்கும் உம்மா கட்டல."

"ஆறுதல் சொல்றியா, அடிவயித்துல கல்லத் தூக்கிப் போடுறியா?"

"நடந்ததச் சொல்றேன். சரி, நாலு மாசம் முடிஞ்சு என்ன பண்ணப்போற? அதச் சொல்லு."

அதைக் கேட்டதும் சேதுவின் முகம் மாறிவிட்டது. போனில் மேப்பைத் திறந்து விரலால் பெரிதாக்கினான். அதில் அவன் ஏற்கெனவே நட்சத்திரம் குத்தி வைத்திருந்தான்.

"ஏப்ரல் பத்துக்கு அங்க முடியுது. அங்கருந்து நேரா ஊரு. சித்திரைத் திருவிழாவுக்குப் போயிரலாம். ஒரு மாசம். ஜூன்ல இங்க சீசன், வந்துரணும். ஆறு மாசம் வெளியிலயே இருந்தாத்தான் விசாவுக்குச் சிக்கல். அஞ்சரைக்குள்ள வந்துருவேன். அடுத்த வருசமும் சம்பளமில்லாத லீவு போட்டு ஜார்ஜியா. அதுக்கு அடுத்த வருசம் இந்தா, இங்க." விரல் ஜப்பானின் வடக்கு ஓரத்தில் போய் நின்றது. "இங்க ஆள் உசரத்துக்கு விழுமாம். பஞ்சு மாதிரி இருக்குமாம். தமுனா சொன்னா."

சுஐபு மேப்பையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாப்ள, நீ கொடைக்கானல் போயிருக்கியா?"

"இல்ல."

"ஊட்டி?"

"இல்ல."

"எந்த மலையத்தான் ஏறியிருக்க?"

"அழகர்மலை. பஸ்ல."

"அழகர்மலைக்கு பஸ்ல போனவன் ஜப்பானுக்குச் சறுக்கிக்கிட்டே போகப்போறான்." சுஐபு எழுந்து பெட்ஷீட்டை மடித்தான். "போடா. போ. ஒன்னோட கட்டில நான் பாத்துக்குறேன். மெத்தைல என் துணியப் போட்டு வச்சுட்டா எவனும் வரமாட்டான். என் துணி வாடை ஒனக்குத் தெரியுமுல்ல."

சேது சிரித்தான். ஆனால் அன்றும் மெசேஜ் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை பட்டறையில் ஒரு விபரீதம் நடந்தது. அன்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேருக்குப் பலகை தயார் செய்ய வேண்டும். பதினேழாவது பலகை. கை பலகையில் இருந்தாலும் மனசு மேலூர் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் இருந்தது. அந்தப் போர்டில் தன் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று நினைத்துப் பார்த்தான். அங்கே பூட்டு தொங்குமே, அப்பா தினமும் அந்தப் பக்கம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவாரே என்று நினைத்தான்.

துணி தேய்க்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மடிப்பு நிற்க வேண்டிய இடத்தில், காலர் முனையில், பெட்டியை இரண்டு நொடி அமுக்கி நிறுத்துவான். அந்த அமுக்கலில்தான் கூலியே இருக்கிறது. பலகைக்கு அது ஆகாது. பெட்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் அடிப்பாகம் வெந்துவிடும். இரண்டு வருஷமாக ஓடிய அவன் கை அன்று பழைய லாண்டரி நினைப்பில் நின்றுவிட்டது. புகை வந்தபிறகுதான் எடுத்தான். கறுத்த அடிப்பாகத்தில் பெட்டியின் முனை அச்சடித்தாற்போலப் பதிந்திருந்தது.

பட்டறைப் பொறுப்பாளர் இர்ஷாத் பாய் லாகூர்க்காரர். பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மாஃபி முக்?" என்று கேட்டார். மூளை இல்லையா என்பதற்கு வளைகுடாவில் எல்லா பாஷைக்காரர்களுக்கும் பொதுவான சொல் அது. "நீ செஞ்சியா? நீயா? வேற எவனாவது செஞ்சிருந்தா ஆச்சரியப்பட மாட்டேன்."

சேது பெட்டியை அணைத்தான். "பாய், நான்தான். மன்னிச்சுக்குங்க" என்று இந்தியில் மூன்று தடவை சொன்னான். அவர் கோபம் முதல் தடவையிலேயே போய்விட்டது. மீதி இரண்டு தடவை அவரைச் சங்கடப்படுத்தியது. "கலாஸ், கலாஸ், போதும் விடு. டீ குடிச்சிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

டீ மெஷின் பக்கத்தில் தமுனா பூட்ஸைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயம் அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது.

"மெஷின்ல ஒரு சுத்து சீவி எடுத்தா சரியாயிரும்" என்றாள். "எங்க அண்ணன் முதல் வருஷம் ஒன்பது பலகையைச் சுட்டான். நீ என்ன யோசிச்சுக்கிட்டு இருந்த?"

"வீட்டுல இன்னும் சொல்லல. எங்கப்பாவுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நானும் எங்கப்பாகிட்ட சொல்லாமத்தான் துபாய் வந்தேன். ஏர்போர்ட்லருந்து போன் பண்ணேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. மூணு வருஷத்துக்கு." கப்பைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். "அதனால நீ என் வழியில போகாத. சொல்லிட்டு வா. சுட்ட கையோட மலைக்கு வந்தா எங்க அண்ணனுக்குப் பிடிக்காது."

புதன்கிழமை காலை சேது மறுபடி மொட்டைமாடிக்குப் போனான். இந்தத் தடவை சுஐபுவைக் கீழேயே இருக்கச் சொல்லிவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு, மைக்கை அமுக்கி, நிறுத்தாமல் பேசினான். நிறுத்தினால் அழிப்பான் என்று அவனுக்கே தெரியும். திரையில் இப்படி இறங்கியது:

"அப்பா நல்லா இருக்கீங்களா நான் நல்லா இருக்கேன் ஒரு விசயம் சொல்லணும் படிச்சிட்டுக் கோவப்படாதீங்க எனக்கு ரெண்டு வருச லீவு வருதுல்ல அதுல நான் தைக்கு ஊருக்கு வரல ஜார்ஜியான்னு ஒரு நாடு இருக்கு இங்கருந்து மூணரை மணி நேரம் அங்க மலையில நெசமான பனி விழுகும் நாலு மாசம் வேலைக்குக் கூப்பிடுறாங்க இதே தேய்க்கிற வேலைதான் நல்லவங்கதான் நான் விசாரிச்சுட்டேன் கடை எனக்காகப் புடிச்சு வச்சிருக்கீங்க அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல ஆனா கடைய நீங்களே வச்சுக்குங்க எனக்கு வேணாம் சித்திரைக்குக் கட்டாயம் வர்றேன் அம்மாட்டயும் கனகாட்டயும் நீங்களே சொல்லிருங்க"

வாசித்துப் பார்த்தால் தைரியம் போய்விடும் என்று அப்படியே அனுப்பினான். ஐந்து நிமிஷத்தில் இரண்டு டிக்கும் நீலமாயின.

பதில் வரவில்லை. பஸ்ஸில் பார்த்தான், வரவில்லை. பதினொரு மணிக்கு 'டைப் செய்கிறார்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. மத்தியானச் சாப்பாட்டில் பார்த்தான், அப்பா கடைசியாக வந்த நேரம் பதினொன்று பத்து என்றது. அதற்குமேல் அவர் போனைத் தொடவேயில்லை. சாயங்காலம் தங்கச்சி கனகாவுக்கு அடித்தான். காலேஜ் பரீட்சை, போன் அணைந்திருந்தது. அம்மா ராக்கம்மாவிடம் தனியாகப் போன் கிடையாது. சேது அன்று தேய்க்கிற பெட்டியைத் தொடவில்லை. பிரஷ் மட்டும் போட்டான்.

வியாழக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போன் அதிர்ந்தது. கனகா, வீடியோ கால்.

"அண்ணே, ஒனக்கு அறிவிருக்கா?"

சேது போனை இரண்டு கையாலும் பிடித்தான். "அப்பாவுக்கு என்னாச்சு?"

"என்ன ஆகும்? நேத்து மத்தியானத்துலருந்து கடையத் தொறக்கல. சட்டையெல்லாம் மூட்டையாக் கட்டி வீட்டுல கெடக்கு. வாத்தியார் வந்து கத்திட்டுப் போறாரு, எம் பேண்ட்டு எங்கேன்னு."

"எந்தக் கடைய?"

கனகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரைக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "சொல்லிட்டியாடி? ஒன்கிட்டப் போயிச் சொல்லாதேன்னு சொன்னேன் பாரு."

"அம்மா, நீ சும்மா இரு. அண்ணே, கேளு. ஆயுதபூசையன்னைக்கு அப்பா கடையத் தொறந்துட்டாரு. பூட்டியே கெடந்தா எலி வந்துரும், ரெண்டு நாளைக்குச் சாம்பிராணி போட்டுட்டு மூடிர்றேன்னு போனாரு. போனவரு கேஸ் இஸ்திரிப் பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாரு. பகல் பூரா அங்கதான். சிலேட்டு ஒண்ணு தொங்க விட்டுருக்காரு, வர்றவுக பேரும் உருப்படியும் எழுதிட்டுப் போவாக. காது கேக்காதவரு கடைன்னு எல்லாருக்கும் பழகிருச்சு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"அவரு சொல்லக்கூடாதுன்னுட்டாரு. 'அவன் பேர்ல எடுத்த கடை, அவன் வர்றதுக்குள்ள நான் போயி உக்காந்துக்கிட்டேன்னு நெனப்பான்'னு."

ராக்கம்மா போனைப் பிடுங்கி முகத்தை முழுசாகக் காட்டினாள். "ஏப்பா, என் கல்யாணப் பட்ட சுட்டுப்புட்டாரு. பழகிப் பாக்குறேன்னு எடுத்தாரு. நான் கேட்டா காது கேக்காத மாதிரி இருக்காரு."

"அம்மா, அவருக்கு நெசமாவே கேக்காதும்மா" என்றாள் கனகா.

"எனக்குத் தெரியும்டி, எது கேக்காது எது கேக்காத மாதிரின்னு. முப்பது வருசமா பாக்குறேன்."

சேது குறுக்கே புகுந்தான். "இப்ப ஏன் கடைய மூடிட்டாரு?"

"ஒன் மெசேஜப் படிச்சுட்டுத்தான்" என்றாள் கனகா. "'கடைய நீங்களே வச்சுக்குங்க எனக்கு வேணாம்'னு போட்டிருக்க. யாரோ ஒன்கிட்டச் சொல்லிட்டாங்க, அதுல நீ கோவிச்சுக்கிட்டு, ஊருக்கே வராம வேற தேசத்துக்குப் போறன்னு நெனச்சுக்கிட்டாரு. காலைலருந்து சாவியக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பயப்படுறதுல ரெண்டு பேரும் ஒரே அச்சு. நீ மொதல்ல அவருக்குப் போடு."

பஸ் புறப்பட்டுவிட்டது. அல் கூஸ் கிடங்குகள் ஜன்னலில் ஓடின. பஸ் நிறைய ஆட்கள், நேபாளிகள், பிலிப்பினோக்கள், மலையாளிகள். சேது போனை வாயருகே பிடித்தான். இன்ஜின் இரைச்சலில் சாதாரணமாகப் பேசினால் எழுத்து ஏறவில்லை. குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"அப்பா எனக்கு நீங்க கடை தொறந்தது இப்பத்தான் தெரியும் கனகா சொன்னா அதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல."

முன்சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு மலையில பனி விழுகுறதப் பாக்கணும் அவ்வளவுதான் அது என்னோட ஆசை ரொம்ப நாளா ஆசை."

பக்கத்திலிருந்த சுஐபு காதோரம் சொன்னான்: "சத்தமா மாப்ள, டிரைவருக்குச் சரியா கேக்கல."

அனுப்பினான். நீல டிக் உடனே விழுந்தது. அப்பா போனைக் கையிலேயே வைத்திருந்தார் போலும். டைப் செய்கிறார் என்று காட்டியது. ஒற்றை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு சிக்னல் தாண்டியபிறகு ஒரு வரி வந்தது.

"நெசமா ஆசையா இல்ல எனக்காவ சொல்றியா"

சேது யோசிக்கவில்லை. அவன் வாழ்க்கையில் யோசிக்காமல் பேசிய சில தடவைகளில் அது ஒன்று. மைக்கை அமுக்கி, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"நெசமா ஆசைப்பா எனக்குப் போகணும்ப்பா."

பாஷை புரியாத நேபாளிப் பையன் ஒருவன் பின்னாலிருந்து கை தட்டினான். ஏதோ பெண் விஷயம் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. பிலிப்பினோக்காரி ஒருத்தி "குட் லக், பிரதர்" என்றாள். சேதுவுக்குக் காது மடல் எரிந்தது. ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பதில் வருவதற்குள் மால் வந்துவிட்டது. ஊழியர் வாசலில் இறங்கி, கார்டைத் தட்டி, பட்டறைப் படிக்கட்டில் பாதி இறங்கும்போதுதான் வந்தது. இந்தத் தடவை மூன்று வரி.

"அப்ப போயிட்டு வா பனியில சளி புடிக்காம பாத்துக்க. கடையில ஓராள் நிக்கத்தான் எடம் இருக்கு ரெண்டு பேருக்கு வசதிப்படாது. கறுப்பு பேண்ட்டு தேச்சா பளபளன்னு ஆயிருது வாத்தியார் ஏசுறாரு என்ன செய்ய"

சேது படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு வரியை ஒரு தடவையும் மூன்றாவது வரியை நாலு தடவையும் வாசித்தான். இது வீட்டில் சும்மா இருக்கிற மனுஷன் கேட்கிற கேள்வி இல்லை, சாயங்காலத்துக்குள் உருப்படி கொடுக்க வேண்டிய ஆளின் கேள்வி. அவன் மைக்கை அமுக்கினான்.

"கறுப்புத் துணிய உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தேய்ங்க வெளிப்பக்கம் தேச்சே ஆகணும்னா மேல ஈரப் பருத்தித் துணி ஒண்ண விரிச்சுக்குங்க அப்பா பெட்டிய ஒரே எடத்துல அமுக்கி வைக்காதீங்க ஏற்கெனவே பளபளன்னு ஆனதுக்கு தண்ணியில கொஞ்சம் வினிகர் கலந்து துணியில நனச்சு மேல போட்டுத் தேய்ங்க"

பதினொன்றரைக்குத் தமுனாவைத் தேடிப் போனான். அவள் சரிவுக்குக் கீழே, ஆறு குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து விழக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எப்படி விழ வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும் என்பது அவள் பாடம். சேதுவைக் கண்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"என்ன?"

"வர்றேன்."

"அப்பா?"

"சரின்னுட்டாரு."

அவள் பல்லால் கையுறையைக் கழற்றி, போனை எடுத்து, அண்ணனுக்குப் பெயரை அடித்தாள். சேதுராமன் என்பதை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். நடுவில் ஒரு குழந்தை நிஜமாகவே விழுந்தது. தூக்கி நிறுத்திவிட்டு மீதியை அடித்தாள். "முடிஞ்சது" என்றாள். "கம்பளிச் சாக்ஸ் ஆறு ஜோடி வாங்கிக்க. இங்க குடுக்கிற சாக்ஸ் அங்க காணாது. ஜப்பான் கதையெல்லாம் அண்ணன்கிட்டப் பேசாத, இப்பவே ஆளு போயிருவான்னு நெனச்சுக்குவான்."

"உனக்கு யாரு சொன்னா?"

"டிக்கெட் கவுண்டர்ல இருக்கானே, உன் ரூம்மேட். டிக்கெட் வாங்க வந்த ரெண்டு பேருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தான்."

சேதுவின் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். ஒரு பேண்ட்டின் போட்டோ, மங்கிய கறுப்பு, பளபளப்பு போயிருந்தது. கீழே: "சரியாயிருச்சு. பட்டு சேலைக்கு எவ்வளவு சூடு." அதைப் படித்து முடிப்பதற்குள் இன்னொன்று: "அம்மாவுக்குத் தெரிய வேணாம்." அதற்குப் பின்னால் இன்னொன்று: "கஞ்சி போட்ட வேட்டி ஒட்டுது."

"யாரு இப்படி விடாம அடிக்கிறது?" தமுனா கேட்டாள். "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல" என்றான் சேது, வேட்டிக்கு முதலில் பதில் சொல்வதா பட்டுக்கு முதலில் சொல்வதா என்று யோசித்தபடி. "எங்கப்பா டூட்டியில இருக்காரு."